தட்டின் நடுவில் ஒரு வட்டத் தாள்

1

கொட்டாம்பட்டியில் எங்கள் தாத்தா மைக்செட் வைத்திருந்தார். மதுரை - திருச்சி சாலையில், சிங்கம்புணரிக்குப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டுக் கட்டடம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, திருவிழா, கட்சிக் கூட்டம் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவருடைய குழாய்தான் பாடியது. 1980-களில் கேசட் வந்து தொழில் படுத்துவிட்டது. அவர் காலமாகி வெகுநாள் கழித்து வீட்டை ஒழித்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 78 சுற்று இசைத்தட்டுகள். இரண்டு உடைசல், மிச்சமெல்லாம் கீறல். மூடியில் பச்சைப் பெயிண்டில் தாத்தாவின் பெயர்.

போட்டுக் கேட்க மெஷின் இல்லை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், எங்கே எழுத்து இருந்தாலும் வாசித்துவிடுவது எங்கள் வியாதி. ஆகவே தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டத் தாளை வாசிக்க ஆரம்பித்தேன். கம்பெனியின் பெயர், புனலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய், மொழி, பாடியவர், ராகம், தாளம், ஒரு எண். சிலவற்றில் நாடகத்தின் பெயர் அல்லது படத்தின் பெயர். அவ்வளவுதான். ஆர்மோனியம் வாசித்தவர் யார்? மிருதங்கம் யார்? பாட்டுக் கட்டியது யார்? பெட்டியிலிருந்த பழைய தட்டுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

இசைத்தட்டுக் கம்பெனியை 'லேபிள்' என்று சொல்கிறார்கள். ஒட்டிய தாளின் பெயர் முதலாளிக்கே பெயராகிவிட்டது. இதை வெறும் சொல் விபத்து என்று நான் நினைக்கவில்லை. பாட்டு பலர் சேர்ந்து செய்கிற வேலை. அந்தப் பலரில் யார் பெயர் தாளில் ஏறும், யார் பெயர் ஏறாது என்று தீர்மானிக்கிற அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ அவரே கம்பெனி. மெஷின் வைத்திருப்பதோ, கடை வைத்திருப்பதோ பிறகுதான். தமிழ் இசைத்தட்டின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இதற்கு முன் யாரும் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. நாடக மேடையும் கிராமபோனும் சினிமாவும் தேசிய இயக்கத்துக்கு எப்படித் தூது போயின என்பதைத் தியடோர் பாஸ்கரன் 1981-லேயே புத்தகமாக எழுதினார். ஸ்டீபன் ஹியூஸ் 2007-ல் தமிழ் நாடகம், கிராமபோன், பேசும்படத்தின் தொடக்கம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டினார். மைக்கேல் கின்னியர் இந்தியாவின் முதல் ஒலிப்பதிவுகளுக்குப் பட்டியல் போட்டார். எல்லாம் பெரிய உழைப்பு. ஆனால் பட்டியல் என்பது கம்பெனியின் பேரேட்டையும் கம்பெனி ஒட்டிய தாளையும் பார்த்துத்தான் போட முடியும். கம்பெனி மறந்தவரைப் பட்டியலும் மறக்கும்.

2

1902-ன் இறுதியில் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஆள் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு தகரப் புனலுக்குள் முகத்தைக் கொடுத்துக் கத்திப் பாட வேண்டும். அந்த அதிர்வு ஊசி வழியாக மெழுகில் கோடு கிழிக்கும். மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போகும். அங்கே அச்சு எடுத்துத் தட்டுகளாக அழுத்தி, திரும்பக் கப்பலில் கல்கத்தாவுக்கு வரும்.

பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு பெண்ணின் துணிச்சல், கலைஞரின் பெருமிதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த அறிவிப்புக்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. ஹானோவர் தொழிற்சாலையில் இருந்தவருக்கு நம் பாஷை எதுவும் தெரியாது. எந்த மெழுகுக்கு எந்தத் தாளை ஒட்டுவது? பாடியவரே பெயரைச் சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. அப்படிப் பார்த்தால், அந்தக் குரல் ரசிகரை நோக்கிப் பேசியதே இல்லை. அது ஒரு தொழிலாளியை நோக்கிப் பேசியது. பாடுகிறவரும் தட்டு அழுத்துகிறவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட ஒரே இடம் அந்தச் சில நொடிகள்தான். பிறகு அந்தப் பழக்கம் ஒழிந்தது. வேலை சுத்தமானது, உறவு அறுந்தது.

1908-ல் கம்பெனி கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் அது டம்டமுக்குப் போனது. (உடம்புக்குள் போய் விரியும் டம்டம் துப்பாக்கிக் குண்டும் அதே ஊர்ச் சரக்குதான்.) தமிழ்ப் பாட்டு எங்கே பாடப்பட்டாலும் தட்டாகிறதற்குப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் திரும்பியது. தட்டின் சதை அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் பூச்சி கட்டுகிற கொம்பரக்கை முண்டா, ஒராவோன் ஆதிவாசிகள் வெட்டி எடுத்துச் சந்தையில் போடுவார்கள். அதை உருக்கி அவலரக்காக்கி, கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தினால் தட்டு. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பாட்டுக் கேட்டது இந்த அரக்கில்தான். பாரதத்தில் அரக்கு மாளிகை கட்டியவன் பெயர் நமக்குத் தெரியும். அரக்கு வெட்டியவர்கள் பெயர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இன்னொரு நுணுக்கம். பழைய தட்டுகளில் தாளுக்கு வெளியே, கோடு ஓடாத வழுவழுப்பான இடத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். கிராமபோன் கம்பெனியின் எண்களோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருந்தது. அந்த எழுத்து பதிவு செய்த வெள்ளைக்கார நிபுணரைக் குறிக்கும். ரசிகருக்கு அது புரியாது, கம்பெனிக்குப் புரியும். திரைக்குப் பின்னால் வேலை செய்த எல்லோரும் ஒன்றுபோல மறக்கப்படவில்லை என்பதற்கு இது சாட்சி. மறதிக்கும் படிக்கட்டு உண்டு. நிபுணருக்கு ஓர் எழுத்தாவது கிடைத்தது. மெழுகுப் பெட்டியைத் தலையில் சுமந்த கூலிக்கு அதுவும் இல்லை.

3

சரி, தாளில் ஏறிய பெயர்களையாவது பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆரம்பத் தட்டுகளில் பெண் பெயர்கள் நிறைய: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம். பெரும்பாலும் தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள். புனலுக்குள் பாடினால் குரல் போய்விடும், கண்ட கண்ட இடத்தில் தன் பாட்டு ஒலித்தால் மரியாதை போய்விடும் என்று ஆண் வித்வான்கள் பலர் தயங்கி நின்றபோது, பாடியே பிழைக்க வேண்டிய பெண்கள் தயங்கவில்லை. கோயம்புத்தூர் தாயியின் தட்டு பாரீஸ் வரைக்கும் போனது. மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அந்தக் குரலில் சொக்கிப் போய், அந்தப் பாதிப்போடு நான்கு இந்துக் கவிதைகள் என்று ஒரு படைப்பே செய்தார். நம் சபாக்களின் வரலாற்றில் தாயிக்கு எத்தனை பக்கம் என்று தேடிப் பாருங்கள்.

பெயர் ஏறியதே, அப்புறம் என்ன குறை என்று கேட்கலாம். எப்படி ஏறியது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஊர்ப் பெயர், கூடவே பல சமயம் 'மிஸ்'. ஊர்ப் பெயர் விலாசம். 'மிஸ்' என்பது அவர் எந்த வீட்டுப் பெண் இல்லை என்று ஊருக்குச் சொல்கிற முத்திரை. மதுரையில் வீணை வாசித்த சண்முகவடிவின் மகள் சுப்புலட்சுமி சிறுமியாக இருக்கும்போதே தட்டுக்குப் பாடினார். அவர் பெயருக்கு முன்னால் நின்ற எம். மதுரை, எஸ். அம்மாவின் பெயர். தகப்பன் பெயர் கேட்காத முதலெழுத்து அது. பிற்காலத்தில் அந்த இரண்டெழுத்தும் தேசத்தின் பக்தி முத்திரையாகிவிட்டது. மதுரை வீதியும் வீணைக்காரத் தாயும் அந்த இரண்டெழுத்துக்குள்ளேயே புதைந்து கிடக்கிறார்கள். விரித்துச் சொல்ல ஆளில்லை.

இயந்திரப் படியெடுப்பு கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கருக்கிவிடும் என்று வால்டர் பெஞ்சமின் 1936-ல் எழுதினார். இங்கே நடந்ததைப் பார்த்தால், கருகிய ஒளிவட்டத்துக்குப் பதிலாகக் கம்பெனி ஒரு வட்டத்தை அச்சடித்தே ஒட்டிவிட்டது. சனம் கடைக்குப் போய் 'நாய் மார்க் தட்டு' என்றுதான் கேட்டது.

4

தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம். நாடக மேடையோ விடிய விடிய. கிட்டப்பா மேடையில் ஒரு பாட்டை எடுத்தால் 'ஒன்ஸ்மோர்' கேட்டே ராத்திரி கழியும். அந்தப் பாட்டை மூன்று நிமிஷத்துக்குள் மடித்து வைக்க ஒருவர் வேண்டும். எந்த அடியை விடுவது, எந்த இடத்தில் ஆர்மோனியம் நுழைவது, ஆலாபனைக்கு எத்தனை நொடி என்று கணக்குப் போடுகிறவர். கம்பெனிக்காரர் இதற்கெல்லாம் மேடையின் வாத்தியார்களைத்தான் நம்பியிருந்தார்.

மதுரை இதற்குத் தோதான ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். ஸ்பெஷல் நாடகம் ஆடுகிறவர்கள், ஆர்மோனியக்காரர்கள், பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லோரும் புழங்கிய நகரம். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892 - 1952) அந்த உலகத்து மனிதர். நாடகத்துக்கு எழுதினார், தட்டுக்கு எழுதினார். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கும் அவரே எழுதினார். காந்தியைப் பற்றியும் ராட்டையைப் பற்றியும் அவர் கட்டியவை கதைக்குச் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ மேடையில் பாடப்பட்டன, ஊரெல்லாம் முணுமுணுக்கப்பட்டன. மேடையில் தேசியப் பாட்டுப் பாடியதற்காக விசுவநாத தாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன காலம் அது. சவரத் தொழில் செய்கிற சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, மயில்மேல் உட்கார்ந்த முருகன் வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் போனது. பாடியவர் உடம்பைக் கொடுத்தார். எழுதியவர் பெயரைக் கொடுத்தார்.

பாஸ்கரதாஸ் வருஷக்கணக்கில் நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தார். பேரன் ச. முருகபூபதி அதைத் தொகுத்துப் பதிப்பித்ததால் இன்று நம் கைக்குக் கிடைக்கிறது. இலக்கிய நடை எதுவும் அதில் இல்லை. தினசரி வேலையின் துண்டுக் குறிப்புகள். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. கம்பெனிப் பேரேட்டுக்கு எதிராக ஒரு பாட்டுத் தொழிலாளி தன் கைப்படப் போட்ட கணக்கு அது. தாள் சொல்லாததை நோட்டு சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தகராறாகவே எழுப்ப விரும்புகிறேன். 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற ரொலான் பார்த்தின் வாசகம் ஒரு காலத்தில் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் ஓயாமல் அடிபட்டது. பழைய இதழ்களைத் தேடிப் படித்து அதில் கிறங்கியவர்களில் நானும் ஒருவன். பிரதிதான் இருக்கிறது, ஆசிரியன் இல்லை. நல்லது. ஆனால் பாரீஸில் செத்த அந்த ஆசிரியன் புத்தக அட்டையில் பல நூற்றாண்டு பெயர் போட்டுக்கொண்டு, ராயல்டி வாங்கி, சிலையாகி நின்று அப்புறம் செத்தவன். நாடகப் பாட்டு வாத்தியார் எப்போது பிறந்தார்? தாளில் பிறக்கவே விடப்படாதவர் எப்படிச் சாவார்? அவருடைய இன்மையைக் கோட்பாட்டின் பெயரால் கொண்டாடுவது கம்பெனிக்குத்தான் லாபம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும். நம் நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் ஆசிரியர் பெயரா இருக்கிறது? பெயர் என்பதே முதலாளித்துவத்தின் வியாதி அல்லவா? உண்மை. ஆனால் நடவு வயலில் ஒருத்தர் பெயரும் இல்லை, ஒருத்தருக்கும் அதில் காசும் இல்லை. தட்டில் அப்படியா? அங்கே ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயரின் வழியாகக் காசு போகிறது. எல்லோரும் பெயரில்லாமல் இருப்பது ஒரு வாழ்முறை. ஒருவருக்குப் பெயர் கொடுத்து மற்றவரை விடுவது பங்கீடு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

5

கொட்டாம்பட்டியிலிருந்து கிழக்கே சிங்கம்புணரி, திருப்பத்தூர் தாண்டினால் காரைக்குடி. அங்கே ஆவிச்சிச் செட்டியார் வைத்திருந்த ஏவி அண்டு சன்ஸ் கடையில் மற்றச் சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்றார்கள். மகன் மெய்யப்பன் (பிறப்பு 1907) தட்டு விற்பதோடு நிற்காமல் தட்டுத் தயாரிப்புக்கு இறங்கினார். 1932-ல் கூட்டாளிகளோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் உருவானது. ஓடியன் என்ற ஜெர்மன் முத்திரையில் தமிழ்த் தட்டுகள் வந்தன. ஒரு முழு நாடகத்தையே பல தட்டுகளில் பிரித்து 'செட்'டாக விற்றார்கள். பாட்டும் வசனமும் கட்டியங்காரனும் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. ஊருக்கு நாடகக் கம்பெனி வரும்வரை இனி காத்திருக்க வேண்டியதில்லை. கம்பெனி என்ற சொல்லின் பொருளே இந்த இடத்தில் மாறியது: ஐம்பது பேர் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு ஊர் ஊராகப் போன கூட்டம் போய், ஒரு முத்திரையும் ஒரு கணக்குப் பிள்ளையும் என்றானது.

சரஸ்வதி ஸ்டோர்ஸ் அனுபவத்திலிருந்துதான் ஏ.வி.எம். சினிமாவுக்குப் போனார். 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் தேவகியாக நடித்த பெண்ணுக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணிக் குரலுக்கு அதைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 'பின்னணி' என்ற சொல்லை நாம் யோசிக்காமல் பயன்படுத்துகிறோம். யாருக்குப் பின்னால்? பின்னணி வந்த புதிதில் இந்தித் தட்டுகளில் பாத்திரத்தின் பெயரைப் போடுகிற வழக்கம் இருந்தது. 1949-ல் 'மஹல்' படத் தட்டில் பாடியவர் 'காமினி' என்று அச்சாகியிருந்தது. காமினி அந்தக் கதையில் வரும் பெண். குரல் லதா மங்கேஷ்கருடையது. யார் பாடியது என்று ரசிகர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் பெயர் வெளியே வந்தது. இல்லாத ஒருத்திக்குப் பெயர் உண்டு, இருக்கிறவருக்கு இல்லை.

பெயர் ஏறாததைப் பேசினோம். பெயர் ஏறினால் மட்டும் போதுமா? பாரதி விவகாரம் இதற்குப் பதில். 1921-ல் இறந்துபோன பாரதியின் பாடல்களை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை தம்பி சி. விசுவநாத ஐயரிடமிருந்து சூரஜ்மல் என்ற வணிக நிறுவனத்துக்குப் போயிற்று. நகை வியாபாரத்தோடு தட்டு வியாபாரமும் செய்தவர்கள். அவர்களிடமிருந்து 1940-களின் நடுவில் ஏ.வி.எம். வாங்கினார். காரைக்குடி ஸ்டுடியோவில் எடுத்து 1947-ல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாளின் குரலில் பாரதி தமிழ்நாடெங்கும் ஒலித்தார். அதே சமயம் டி.கே. சண்முகம் தன் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை எங்களுடையது என்று வழக்கு வந்தது. தேசியகவி என்று எல்லோரும் சொன்னவரின் பாட்டு ஒரு கம்பெனியின் அலமாரிச் சாவிக்குள் இருந்தது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள். 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் இரண்டு பாடம். ஒன்று, பெயர் வேறு, உரிமை வேறு. பாரதியின் பெயருக்கு ஒரு குறையும் இல்லாத நாளில்தான் பாட்டு அவருடைய சனத்திடம் இல்லாமல் போனது. இரண்டு, அதை மீட்டது சட்டமோ கருணையோ தானாக வந்ததால் அல்ல. எழுதுகிறவர்கள் கூட்டமாகச் சேர்ந்து கேட்டதால். அதற்கப்புறம் எந்தப் பாட்டு வாத்தியாருக்கு நாம் விடுதலைக் கழகம் அமைத்தோம்?

6

மறுபடி தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

தட்டுகளைத் துடைத்தபோது தாளை ஒட்டிய வழுவழுப்பான இடத்தில், கம்பெனி எண்ணுக்குப் பக்கத்தில், ஊசியால் கீறிய சிறு சிறு கோடுகள் கண்ணில் பட்டன. நான்கு நெட்டுக்கோடு, குறுக்கே ஒன்று. சிலவற்றில் கோடுகளுக்கு முன்னால் 'பெ' என்று ஓர் எழுத்து. தாத்தா பெயரில் அந்த எழுத்து இல்லை.

அவரிடம் பல வருஷம் வேலை பார்த்த ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. தெற்குத் தெரு. நான் 'அய்யா' என்று கூப்பிட்டதற்கே சங்கடப்பட்டு உட்கார்ந்தவரிடம் தட்டைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தட்டு ஒடைஞ்சா எங் கூலியில புடிப்பாக தம்பி. நாங் கொண்டுபோயி ஒடையாமத் திரும்புன ஒவ்வொரு வாட்டிக்கும் ஒரு கோடு. எங்கிட்டயும் ஒரு கணக்கு வேணும்ல?"

பெட்டி மூடியில் இருந்த தாத்தாவின் பெயரைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பெயிண்டு டப்பாவ மேலூர்ல போயி வாங்கியாந்ததும் நாந்தேன்."

தோளில் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்தவர் அவர். புளியமரத்திலும் வேம்பிலும் ஏறிக் குழாய் கட்டியவர். மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் தட்டைப் புரட்டி, ஊசி மாற்றி, ராத்திரி முழுக்கக் கண் முழித்தவர். கோயில் மரத்தில் குழாய் கட்டுவார், கோயிலுக்குள் போனதில்லை. அவர் போட்ட சாமி பாட்டு மட்டும் உள்ளே போகும். அவருடைய தெருவில் ஒரு கல்யாணம் என்றால் செட் போகும், ஆனால் குழாயின் வாய் ஊர்த்தெருப் பக்கம் திரும்பக் கூடாது. இது யாரும் எழுதி வைக்காத சட்டம். அதை அமல்படுத்தியவர்களில் என் தாத்தாவும் ஒருவர் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. யார் தலைவர் நாற்காலியில் உட்காரலாம் என்பதும் யாருடைய பாட்டு எந்தத் தெருவை நோக்கி ஒலிக்கலாம் என்பதும் ஒரே வேரில் வந்த கேள்விகள்.

ஆகவே கம்பெனி என்றதும் கல்கத்தாவையும் லண்டனையும் மட்டும் பார்த்து விரல் நீட்டினால் போதாது. வெள்ளைக்கார நிபுணருக்கு எழுத்துக் கொடுத்துக் கூலிக்கு ஒன்றும் கொடுக்காத அதே முறை, எங்கள் ஓட்டுக் கட்டடத்துக்குள்ளும் இருந்தது. நிறம் இருந்த இடத்தில் இங்கே சாதி. கம்பெனி என்பது ஒரு கட்டடத்தின் பெயர் அல்ல, வேலையைப் பிரித்துப் பெயரை ஒதுக்குகிற ஒரு ஏற்பாட்டின் பெயர் என்று நான் சொல்வது இதனால்தான்.

7

இதெல்லாம் பழைய அரக்குக் கதை, இப்போது தட்டே இல்லையே என்று சொல்லலாம். சட்டம் மெதுவாக நகர்ந்துதான் இருக்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்கு எழுதிக் கொடுத்த கவிஞரும் இசையமைப்பாளரும் தயாரிப்பாளரிடம் அதற்கு மேல் கேட்க முடியாது என்கிற மாதிரி தீர்ப்புச் சொன்னது. அதே வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், பாடுகிறவரையும் சட்டம் கவனிக்க வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தார். 1994 திருத்தத்தில் நிகழ்த்துகிறவருக்கு உரிமை வந்தது. 2012 திருத்தம் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டிப் பங்கை எழுதி வாங்கிப் பறிக்க முடியாதபடி செய்தது.

ஆனால் தாள் போய்த் திரையில் ஒரு வரி வந்திருக்கிறது. 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. வெளியிட்டது மாஜா என்கிற புதிய நிறுவனம். தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. நிலமில்லாமல் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்களின் கதையை அறிவு தன் பாட்டியின் வாயிலிருந்து எடுத்தார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை; பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. பாட்டைக் கட்டியது யார், எழுதியது யார் என்று அறிவு ஒரு பக்கமும் சந்தோஷ் நாராயணன் ஒரு பக்கமும் விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு இதுவரை ஒரு காசும் வரவில்லை என்றார். இவர்களில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டில், நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டில், மறுபடி பெயர்த் தகராறும் கணக்குத் தகராறும் வந்து நிற்கின்றன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். ஹானோவரில் எந்த மெழுகுக்கு எந்தத் தாள் என்று வந்த அதே கேள்விதான்.

இதற்கு வேறொரு பாதையும் நம்மிடம் இருந்தது. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் (1955 - 2016) மேடை மேடையாகப் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனார். கூட்டத்தில் கேட்டவர் அடுத்த கூட்டத்தில் பாடினார். எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் கூடவே நடந்து போயின. அவற்றைக் காப்பாற்றியது இயக்கத்தின் ஞாபகம். ஆனால் அந்த மேடைகளிலும் பறை அடித்தவர்கள், மைக் கட்டியவர்கள் பெயரை நாம் குறித்து வைத்தோமா? இந்தக் கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டாக வேண்டும்.

வேலைத் திட்டம் என்று நான் சொல்வது மிகச் சின்னது. இசை வரலாறு எழுத உட்காருகிறவர்கள் தாளோடு நிறுத்தாமல் நோட்டையும் தேடட்டும். ஆர்மோனியக்காரர் வீட்டில், மைக்செட்காரர் பரணில், தொழிற்சங்க ரசீதில், பேரப்பிள்ளைகள் வாயில் அது கிடக்கிறது. இன்று கூட்டம் நடத்துகிறவர்கள் நோட்டீஸின் கடைசி வரியில் செட் கட்டியவரின் பெயரை, கடையின் பெயரை மட்டுமல்ல, ஆளின் பெயரைப் போடட்டும்.

கிளம்பும்போது ஒரு தட்டை அவரிடமே கொடுத்தேன். வாங்கவில்லை. "போட மிசினு இல்ல, வச்சு என்ன செய்ய" என்றார். பிறகு தட்டை வெளிச்சத்தில் சாய்த்துக் கோடுகளை எண்ணினார். இருபத்து மூன்று. "ஒன்னு கொறையுது. கல்லம்பட்டிக் கல்யாணத்துக்குப் போட மறந்திட்டேன் போல" என்றவர், என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அரக்கில் மை ஒட்டவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு கோணி ஊசி எடுத்து வரச் சொன்னார்.